கண்ணை எடுக்கணும் என்று சொல்லிவிட்டால்: பக்கத்தில் இருப்பவருக்குச் சில குறிப்புகள்

"அந்தக் கண்ணை எடுத்துடறது நல்லது" என்று டாக்டர் சொன்ன நிமிஷத்திலிருந்து வீட்டில் இரண்டு பேருக்கு வேலை வந்துவிடுகிறது. ஒருவருக்கு ஆபரேஷன். இன்னொருவருக்கு என்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை. அந்த இரண்டாவது ஆளுக்காகத்தான் இந்தக் குறிப்பு. என் மனைவிக்கு வலது கண்ணை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சின்ன வயதில் பட்ட அடி, அப்புறம் கண் அழுத்தம், கடைசியில் துளி வெளிச்சம்கூடத் தெரியாமல் வலி மட்டும் மிச்சம். அப்போது படித்தது, டாக்டர்களிடம் கேட்டு எழுதிவைத்தது, வீட்டில் பார்த்தது எல்லாம் இதில் கலந்திருக்கும். உங்கள் வீட்டு நிலைமைக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

எல்லாரும் சொல்வது ஒன்று உண்டு. "பார்வை போன கண்தானே, எடுத்தா என்ன?" நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்கு அது முள். என் மனைவி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "தெரியுதோ தெரியலயோ, அது என் கண்ணுங்க." நம்ம ஊரில் பிள்ளையைக் கொஞ்சினாலும் கண்ணு, கவனமாக வளர்த்தாலும் கண்ணும் கருத்துமாக. அந்த உறுப்பை எடுப்பதை ஒரு பல்லைப் பிடுங்குவது மாதிரி பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதனால் வாதம் செய்து சம்மதிக்கவைப்பது உங்கள் வேலை இல்லை. விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள உதவுவதுதான் வேலை. கையெழுத்தும் அவருடையது, முடிவும் அவருடையது.

சரி, என்ன ஆபரேஷன்? "கண்ணை எடுப்பது" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் மூன்று வகை உண்டு. முதல் வகையில் கண்ணின் வெள்ளை ஓட்டை அப்படியே விட்டு, உள்ளே இருப்பதை மட்டும் வழித்து எடுக்கிறார்கள். இதற்கு எவிசரேஷன் என்று பெயர். இரண்டாவது எனுக்ளியேஷன்: கண்ணை அசைக்கும் தசைகளைப் பிரித்து, பின்னால் போகும் நரம்பை வெட்டி, முழு விழியையும் எடுப்பது. மூன்றாவது, கண்குழியில் உள்ள மற்ற திசுக்களையும் சேர்த்து எடுப்பது. பரவிய புற்றுநோய், கறுப்புப் பூஞ்சை போன்ற மோசமான நிலைமைக்கு மட்டும்தான் அது. கண்ணுக்குள் கட்டி இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதல் வகையைச் செய்யக் கூடாது, கட்டியின் செல்கள் சிதறிவிடும். வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாத கண் என்றால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். "எங்களுக்கு எந்த வகை, ஏன்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரை மாற்றிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

அவசரமா இல்லையா என்பதும் காரணத்தைப் பொறுத்தது. கட்டி என்றால் ஆறப்போடக் கூடாது. ஆனால் எல்லாக் கட்டிக்கும் கண்ணை எடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. நடுத்தர அளவுள்ள கண் மெலனோமாவில், கதிரியக்கத் தகடு வைத்துச் சிகிச்சை செய்தவர்களும் கண்ணை எடுத்துக்கொண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருந்தார்கள் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2001இல் காட்டியது. பார்வை போய் வலிக்கும் கண்ணுக்கும் சொட்டு மருந்து, லேசர், கண்ணுக்குப் பின்னால் ஊசி என்று இடைப்பட்ட வழிகள் உண்டு. அதையெல்லாம் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதி பிற்பாடு ரொம்ப உதவும். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது துரோகம் ஒன்றும் இல்லை.

பலத்த காயம் பட்ட கண்ணை எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கண்ணுக்குள் இருக்கும் சில பொருள்கள் உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு அறிமுகமே ஆகாதவை. காயத்தில் அவை வெளியே வந்துவிட்டால் அந்தச் சக்தி அவற்றை அந்நியமாக நினைத்து, ஒன்றும் ஆகாத அடுத்த கண்ணையும் சேர்த்துத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் பயங்கரம். லூயி பிரெயில் மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் ஊசிக் கருவியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. இந்த நோயாகத்தான் இருக்கும் என்று சொல்கிறார்கள். இன்று மருந்துகள் உண்டு என்றாலும், காயம்பட்ட கண் விஷயத்தில் டாக்டர் அவசரப்படுத்தினால் பின்னணி இது.

இப்போது பயங்கள். முகத்தில் ஒரு பள்ளம் இருக்கும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். அப்படி இல்லை. எடுத்த விழியின் இடத்தில் சுமார் 18 முதல் 22 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு உருண்டையை வைத்து, தசைகளைச் சேர்த்து, மேலே மூடித் தைத்துவிடுகிறார்கள். அக்ரிலிக், சிலிகான், நுண்துளை உள்ள பாலிஎதிலீன், பவளத்திலிருந்து செய்த பொருள் என்று பல வகை. அது உள்ளேயே நிரந்தரமாக இருக்கும், வெளியே தெரியாது. வெளியே தெரிவது அதன் முன்னால் மாட்டும் மெல்லிய ஓடு மாதிரியான செயற்கைக் கண். தசைகள் அப்படியே இருப்பதால் அதுவும் ஓரளவு அசையும். இமைகளுக்கு ஒன்றும் ஆகாது.

கண்ணீரும் வரும். கண்ணீர்ச் சுரப்பி விழிக்குள் இல்லை, மேல் இமைக்குள் வெளி ஓரத்தில் இருக்கிறது. என் மனைவி டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வியே "அந்தப் பக்கம் அழ முடியுமா?" என்பதுதான். முடியும் என்றதும் அங்கேயே அழுதார். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நல்ல மனுஷர்.

ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். நல்ல வெளிச்சத்தில் இரண்டு கண்ணும் தெரிகிற மாதிரி அவருடைய முகத்தைப் போட்டோ எடுத்துவையுங்கள். வேண்டாம் என்றால் பழைய போட்டோ ஒன்றைத் தேடிவையுங்கள், இமை எவ்வளவு திறந்திருந்தது என்று செயற்கைக் கண் செய்பவருக்குத் தெரிய உதவும். எந்தக் கண் என்று நெற்றியில் மையால் குறியிடுவார்கள். அந்தக் குறியை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். அது அவநம்பிக்கை இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்களே மூன்று முறை கேட்பார்கள்.

ஆபரேஷன் ஒன்று இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அழுத்திக் கட்டிய பெரிய கட்டோடு வெளியே வருவார். முதல் இரண்டு நாள் வலி, குமட்டல் இருக்கும். இருக்கிற ஒரு கண்ணை உருட்டினாலும் வலிக்கும், ஏனென்றால் இரண்டு பக்கத் தசைகளும் சேர்ந்தே வேலை செய்பவை. அதனால் கட்டில் பக்கத்தில் நின்று பேசாதீர்கள், நேர் எதிரே நாற்காலி போட்டு உட்காருங்கள். சின்ன விஷயம், ஆனால் எங்களுக்கு மாத்திரைக்குச் சமமாக உதவியது.

கட்டுப் பிரிக்கும் நாள்தான் பக்கத்தில் இருப்பவருக்குப் பரீட்சை. முடிந்தால் நர்ஸிடம் சொல்லி நீங்கள் முதலில் பாருங்கள், உங்கள் முகத்தைத்தான் அவர் முதல் கண்ணாடியாகப் பார்க்கப்போகிறார். என்ன தெரியும்? வீங்கிய இமை. அதைத் திறந்தால் உதட்டின் உட்புறம் போல இளஞ்சிவப்பான ஈரத் தோல். அதன் மேல் வடிவம் குலையாமல் இருக்க ஒரு தெளிந்த பிளாஸ்டிக் ஓடு வைத்திருப்பார்கள். அவ்வளவுதான். அந்த ஓடு தும்மலில் வெளியே விழுந்தாலும் விழும், அலற வேண்டாம். உள்ளே இருக்கும் உருண்டை இல்லை அது. எடுத்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வலி குறைந்து திடீரென்று கூடினால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு சீழ் வந்தால் மட்டும் உடனே ஓட வேண்டும்.

அவர் எப்போது கண்ணாடி பார்ப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். சிலர் அன்றே கேட்பார்கள், சிலர் மூன்று வாரம் கழித்து.

இன்னொன்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லாத கண்ணில் வெளிச்சம் தெரியலாம், நிறங்கள், கோலம் மாதிரி வடிவங்கள் ஓடலாம், வலிக்கவும் செய்யலாம். கால் எடுத்தவர்களுக்கு இல்லாத கால் அரிப்பது போலத்தான். கண்ணிலிருந்து சேதி வராததால் மூளை தானாகவே எதையோ வரைந்துகொள்கிறது. சொல்லாவிட்டால் "எனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சோ" என்று மனதுக்குள் வைத்துப் புழுங்குவார்கள், இல்லையென்றால் வீட்டுப் பெரியவர் யாராவது மந்திரிக்கக் கூட்டிப்போவார். பொதுவாக நாளடைவில் குறையும். குறையாமல் வலித்தால் டாக்டரிடம் சொல்லலாம், மருந்து உண்டு.

ஆறு முதல் எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்தபின் செயற்கைக் கண். பல் டாக்டர் அச்செடுப்பது மாதிரியே குழியில் ஒரு பசையை விட்டு அச்செடுக்கிறார்கள். மெழுகில் வடித்துப் பொருத்திப் பார்த்து, அக்ரிலிக்கில் வார்க்கிறார்கள். கருவிழியை அடுத்த கண்ணைப் பார்த்துக் கையால் வரைகிறார்கள், ரத்த நாளங்களுக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து ஒட்டுகிறார்கள். ஒரு காலத்தில் இதெல்லாம் கண்ணாடி. ஜெர்மனியில் லௌஷா என்ற ஊர்க்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கண்கள் வருவது நின்றுபோக, அமெரிக்க ராணுவத்துப் பல் டாக்டர்கள் பல்செட் செய்யும் அக்ரிலிக்கை எடுத்துக் கண் செய்துபார்த்தார்கள். இன்றைய கண்ணுக்கு மூதாதை அதுதான். கடையில் அளவு பார்த்து எடுக்கும் ரெடிமேட் கண்ணும் கிடைக்கும், மலிவு. ஆனால் குழிக்கு அளவெடுத்துச் செய்ததன் பொருத்தமும் அசைவும் அதில் வராது. இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பராமரிப்பு சுலபம். தினமும் கழற்ற வேண்டியதில்லை, போட்டுக்கொண்டே தூங்கலாம். நோண்ட நோண்டத்தான் பீளை அதிகமாகும். ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் அக்ரிலிக் வெடித்துக் கோடு விழும். சோப்பும் தண்ணீரும் போதும். வருஷத்துக்கு ஒருமுறையாவது பாலிஷ், ஐந்து வருஷம் வாக்கில் புதுசு.

பார்வை விஷயத்தில் இரண்டு விதமான ஆட்கள். என் மனைவி போல ஏற்கெனவே அந்தக் கண்ணில் பார்வை போனவர்களுக்கு மூளை பழகியிருக்கும், மாறுவது முகம் மட்டும். நேற்றுவரை நன்றாகத் தெரிந்த கண்ணை இழப்பவருக்குத்தான் சிரமம். இரண்டு கண்ணால் பக்கவாட்டில் 180 டிகிரிக்குச் சற்று மேல் தெரிவது, ஒரு கண்ணில் 150 போல ஆகிவிடும். போன அந்தத் துண்டு முழுவதும் ஒரே பக்கம். அதோடு கிட்டத்தில் ஆழம் தெரியாது. டம்ளரில் ஊற்றும் காப்பி மேஜையில் போகும், ஊசியில் நூல் கோர்க்க முடியாது, படியின் கடைசி விளிம்பு ஏமாற்றும். செம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றினால் சிந்தாது. தெருவில் அவருடைய தெரியாத பக்கம் நீங்கள் நடக்கலாம். ஆனால் கேட்டுவிட்டு நடங்கள், திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப்போடும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் சில மாதங்களில் தானாக வந்துவிடும்.

எவ்வளவு தூரம் பழக முடியும் என்பதற்கு நம்ம ஊர் மைதானத்திலேயே சாட்சி உண்டு. பட்டோடி நவாப் 1961 ஜூலையில் இங்கிலாந்தில் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். அந்த வருஷக் கடைசியிலேயே டெஸ்ட் ஆட வந்துவிட்டார், 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன். அவருக்குக் கண்ணை எடுக்கவில்லை, பந்து இரண்டாகத் தெரிந்தது, அது வேறு தொல்லை. இருந்தாலும் இந்தக் கதையை ஆபரேஷன் ஆன முதல் வாரத்தில் சொல்லாதீர்கள். ஆறு மாதம் கழித்து, அவர் சிரிக்கிற ஒரு நாளில் சொன்னால் போதும்.

நச்சரிப்பதற்கு உங்களுக்கு ஒரே ஒரு உரிமை உண்டு: இருக்கிற கண்ணுக்குக் கண்ணாடி. பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி, விழித்திருக்கும் நேரமெல்லாம். தேங்காய் உடைக்கும்போதும், கடுகு தாளிக்கும்போதும், வண்டியில் போகும்போதும். வருஷம் ஒருமுறை அந்தக் கண்ணுக்கு முழுப் பரிசோதனை.

அரசு உதவி கிடைக்குமா என்று கேட்பார்கள். ஒரு கண் முழுவதும் போய், அடுத்த கண் நன்றாக இருந்தால் நம் நாட்டு விதிப்படி ஊனம் 30 சதவீதம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஆக, பெரும்பாலான சலுகைகள் கிடையாது. இது நியாயமா என்பது தனிக் கட்டுரை.

உறவுக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சமாளிப்பது முழுக்க உங்கள் இலாகா. பார்க்க வருகிறவர்கள் கட்டை உற்றுப் பார்த்து "எது கண்ணாடிக் கண்ணு?" என்று கேட்பார்கள். நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாது என்று ஒற்றைக் கண்ணுக்குச் சகுனம் பார்க்கும் கிழம் ஒன்று எல்லா வம்சத்திலும் உண்டு. எங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் தாம்பாளத்தை வேறு ஆளிடம் மாற்றிக் கொடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் கிளம்பினோம். கிளம்பலாம் என்று சொன்னது நான் இல்லை, அவர்தான். நான் வண்டிச் சாவியைத் தேடினேன், அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளே? "நல்லவேளை, ஒண்ணாவது இருக்கே" என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவராகச் சொன்னால் ஆமாம் போடலாம். துக்கம் ஆபரேஷன் அன்றைக்கு வராமல், செயற்கைக் கண் வைத்து எல்லாரும் "அப்படியே இருக்கு" என்று மெச்சும்போது வரலாம். எல்லாம் முடிந்துவிட்டதாக மற்றவர்கள் நினைக்கும் நேரம் அது, பேச ஆள் இருக்காது. படுக்கையறையில் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது பல மாதம் இருக்கலாம். எந்தப் பக்கம் படுக்க வசதி என்று கேளுங்கள், இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கன்னத்தைத் தொடும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் அது அவருக்குத் தெரியும்.

உங்களுக்கும் தூக்கம் வராது, எரிச்சல் வரும், யார்மேல் என்று தெரியாத கோபம் வரும். ஒரு நண்பரிடமாவது சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்து போடும் முறையை வீட்டில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டால் ஒரு சாயங்காலமாவது வெளியே போய்வர முடியும். எங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பையன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு, ஐந்து நிமிஷம் விட்டு அடுத்த மருந்து. கை கழுவினாயா என்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.