படத்தின் வேகத்தை இறுவட்டிடம் கேளுங்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே! நானாவின் பழைய பிளேஸ்டேஷன் இறுவட்டு ஏதும் உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறதா? விளையாட்டு தொடங்குமுன் அதில் ஒரு குட்டிப் படம் ஓடும். அதைக் கொம்பியூட்டருக்கு எடுத்துப் பார்த்தால் சில வேளை வேடிக்கையாகிவிடும். வீரன் தலைதெறிக்க ஓடுவான், படம் பாதி நேரத்தில் முடிந்துவிடும், குரல் மட்டும் தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கும். இறுவட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு பழுதும் இல்லை.

பயிற்சிக் கொப்பியின் ஓரத்தில் பக்கத்துக்கொன்றாகப் பந்து வரைந்து, விரலால் சரசரவென்று தட்டிப் பாருங்கள். பந்து துள்ளும். எவ்வளவு வேகமாகத் துள்ள வேண்டும் என்பது கொப்பியில் இல்லை, உங்கள் விரலில் இருக்கிறது. 1994 இல் யப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனின் படக் கோப்புகளும் இப்படித்தான். கோப்பிலுள்ள தனிப் படம் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, ஆனால் செக்கனுக்கு எத்தனை படம் என்ற குறிப்பு கிடையாது. ஆகவே கோப்பைத் திறக்கும் மென்பொருள் ஏதோ ஓர் எண்ணை ஊகித்துக்கொள்கிறது.

அப்படியானால் விளையாட்டுக் கருவிக்கு மட்டும் வேகம் எப்படித் தெரிந்தது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இறுவட்டில் தகவல் சிறு சிறு துண்டுகளாகப் பதிந்திருக்கும். பாட்டு இறுவட்டில் செக்கனுக்கு 75 துண்டுகள் வாசிக்கப்படும். பிளேஸ்டேஷன் படம் காட்டும்போது வழக்கமாக அதன் இரு மடங்கு, 150 துண்டுகளை வாசிக்கும். ஒலித் துண்டுகளையும் சேர்த்து ஒரு படத்துக்குச் சராசரியாக 10 துண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தால், 150 ஐ 10 ஆல் வகுங்கள். செக்கனுக்கு 15 படம்! சுழலும் இறுவட்டே அங்கே கடிகாரம். கோப்பை மட்டும் பிரித்தெடுக்கும்போது கடிகாரத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

15 ஐ 30 என்று மென்பொருள் ஊகித்தால் படம் இரட்டை வேகத்தில் பாயும். அதைச் சரிசெய்ய ஒரு படத்தையும் வெட்டவோ கூட்டவோ தேவையில்லை, நேரக் குறிப்பை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

ஒலிக்கும் இதே கதைதான். பாட்டு இறுவட்டில் ஒலி செக்கனுக்கு 44,100 மாதிரிகளாகப் பதியப்படும். பிளேஸ்டேஷன் படங்களின் ஒலியோ பெரும்பாலும் 37,800. இதை 44,100 என்று எண்ணி ஓடவிட்டால் 70 செக்கன் பேச்சு 60 செக்கனில் முடியும், பெரியவர் குரலும் கீச்சென்று கேட்கும்.

எது பிழை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்யலாம். கதவு மூடுவது போன்ற ஒரு காட்சியைப் படத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் பாருங்கள். சத்தம் இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிந்தினால், தொடங்கிய இடம்தான் பிழை. பிந்துவது கூடிக்கொண்டே போனால், வேகம் பிழை. வேகப் பிழை மிகச் சின்னதாகவும் இருக்கலாம்: அமெரிக்க, யப்பானியத் தொலைக்காட்சியின் வேகம் செக்கனுக்குச் சரியாக 30 படம் அல்ல, 29.97. அந்தச் சின்ன வித்தியாசமே ஒரு மணித்தியாலத்தில் 3.6 செக்கனாகச் சேர்ந்துவிடும். ஆகவே கண்ணாலும் காதாலும் மட்டும் ஒப்பேற்றாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் கல்முனைக்கும் இந்த வேகக் கதையில் ஒரு பங்கு உண்டு. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நம் பழைய தொலைக்காட்சிகளும் ஐரோப்பாவைப் போலச் செக்கனுக்கு 50 முறை திரையைப் புதுப்பித்தன. யப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி ஏறத்தாழ 60 முறை. திரையின் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஓரடி நகரும்படி எழுதிய விளையாட்டு, 50 முறைத் திரையில் மெதுவாகிவிடும். 1991 இல் வந்த 'சோனிக்' என்ற விளையாட்டு ஐரோப்பாவில் அப்படித்தான் ஓடியது. 60 முறைத் திரையில் 60 செக்கனில் முடியும் ஓட்டம் 50 முறைத் திரையில் 72 செக்கன் எடுக்கும். அப்படி மெதுவாக ஓடிய விளையாட்டின் ஒளிப்பதிவைச் சரிசெய்ய அதை 6/5 மடங்கு வேகமாக்க வேண்டும். ஆனால் கவனம்: சோனிக்கின் பாட்டில் தாளம்தான் மெதுவானது, சுருதி ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆகவே ஒலியை வேகமாக்கும்போது சுருதியை மாற்றாத வழியையே தெரிவுசெய்யுங்கள்.