தாண்டும் முன் காலை நீட்டலாமா?

நின்ற இடத்திலிருந்தே நீளம் தாண்ட வேண்டும். அதற்குச் சற்று முன், குனிந்து கால்விரலைத் தொட்டபடி அசையாமல் நின்றால், தாண்டும் தூரம் கூடுமா, குறையுமா?

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நாஃபா உடலுறுதித் தேர்வில் இந்தத் தாண்டல் உண்டு. தேசியச் சேவையாளர்களின் ஐபிபிடி சோதனையிலும் முன்பு இருந்தது. 2015இல் சோதனை எளிமையானபோது அதை எடுத்துவிட்டார்கள். பலருக்கு நிம்மதிதான்!

கேள்விக்கு வருவோம். தூரம் கொஞ்சம் குறையவே வாய்ப்பு அதிகம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், தசையும் அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் சற்று நேரம் தளர்ந்துவிடும். தசைநாண் ரப்பர் வளையம் மாதிரி. விறைப்பாக இருந்தால்தான் சட்டென்று உந்தித் தள்ளும். தசையை முடுக்கும் நரம்புத் தூண்டலும் அப்போது மங்குகிறது. சில விநாடி மட்டும் நீட்டினால் பெரிய பாதிப்பு இல்லை.

தாண்டலுக்கு உதவுவது அசைவுதான்: முழங்காலை உயர்த்தி நடப்பது, காலை முன்னும் பின்னும் வீசுவது, மெல்லத் துள்ளுவது. இவை உடலைச் சூடாக்கித் தசையை உசுப்பிவிடும். அசையாமல் நீட்டி நிற்கும் பயிற்சியை, தாண்டலை முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.