குழி மாறாது, மருந்து மாறும்

படியால் அரிசி அளந்து விற்ற காலத்தில் சில கடைக்காரர்களுக்கு இரண்டு கைகள் உண்டு என்பார்கள். வாங்கும்போது படியைக் குலுக்கி, தட்டி, கெட்டியாக நிரப்பும் கை ஒன்று. விற்கும்போது மெல்லச் சரித்துத் தலைதட்டி நிறுத்தும் கை மற்றொன்று. படி அதேதான். தராசில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்காளர்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய கருவிக்கும் இதே குணம் உண்டு. கடையில் படி பொய் சொன்னால் ஒரு பிடி அரிசி குறையும். அங்கே துப்பாக்கி வெடிக்கும். விரல் போகும், கண் போகும்.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல், அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரைச் செருகி, உள்ளே வெடிமருந்தைக் கொட்டி, முனையில் குண்டைப் பொருத்தினால் தோட்டா மறுபடி தயார். இதை அங்கே 'ரீலோடிங்' என்கிறார்கள். இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு இது பழைய பழக்கம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவை ஒட்டித் துப்பாக்கி விற்பனை எகிறி, கடைகளில் தோட்டா கிடைக்காமல் போனபோது புதியவர்கள் பலரும் இதில் இறங்கினார்கள். பழையவர்களுக்குக் கைவந்த எச்சரிக்கை புதியவர்களுக்கு வர நாளாகும்.

இதில் மருந்து அளப்பதுதான் உயிர்நாடி. அதற்கான கருவிகளில் ஒரு வகை, குழியின் அளவைக் கூட்டிக் குறைக்க முடியாத உருளை ('ரோட்டர்') கொண்டது. கலிபோர்னியாவின் ஒரோவில் ஊரில் 1943இல் தொடங்கிய ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் 'லிட்டில் டேண்டி' அதற்குப் பேர்போன உதாரணம். மேலே மருந்து நிரப்பும் குப்பி. கீழே குறுக்கே ஓடும் உருளை; அதன் பக்கத்தில் ஒரே ஒரு குழி. உருளையை ஒரு பக்கம் திருப்பினால் குழி நிரம்பும், மறுபக்கம் திருப்பினால் மருந்து கூட்டுக்குள் விழும். அளவு கூட வேண்டுமா? திருகுவதற்கு எதுவும் கிடையாது. உருளையைக் கழற்றிவிட்டு, பெரிய குழியுள்ள வேறொன்றைப் போட வேண்டும். ஒவ்வொரு உருளைக்கும் ஓர் எண். எந்த எண் எந்த மருந்தை எத்தனை கிரெயின் கொட்டும் என்று கூடவே ஓர் அட்டவணை. லீ நிறுவனத்தின் 'ஆட்டோ டிஸ்க்' போன்ற தட்டு வகைக் கருவிகளும் இதே தத்துவம்தான்.

திருகாணி இல்லாததே இதன் பெருமை. நடுவில் தளர்ந்து அளவு நழுவாது. நேற்று வைத்த அளவை இன்று தேடித் திருக வேண்டியதில்லை. ஆபத்தும் அங்கேயே ஒளிந்திருக்கிறது. உருளையில் எண் வெட்டியிருப்பதைப் பார்த்ததும் மனித மனம் அதை எடை என்று நம்பிவிடுகிறது. ஆனால் குழிக்குத் தெரிந்தது கொள்ளளவு மட்டும்.

மருந்தின் எடையைக் கிரெயினில் சொல்வது வழக்கம். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் தட்டான் கணக்கில் ஏறத்தாழ அரைக் குன்றிமணி. கைத்துப்பாக்கித் தோட்டா பலவற்றுக்குப் பத்து கிரெயின்கூடத் தேவைப்படாது. இவ்வளவு சின்ன அளவில் அரை கிரெயின் பிசகுவது, குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போனது மாதிரி அல்ல. வேகமாக எரியும் மருந்தில் அது அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்திவிடும். ஒரே பெயருள்ள மருந்தே தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி அடர்த்தியில் கொஞ்சம் வேறுபடும். செதில் செதிலாக உள்ள மருந்து குழியில் ஒன்றன்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நின்று குறைவாக விழும். உருண்டை மணியாக உள்ளது தண்ணீர் போல வழிந்து நிரம்பும். குப்பி நிறைய இருக்கும்போதும் அடி தெரியும்போதும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. மேசை அதிர்ந்தால் மருந்து கெட்டிப்படும். கையின் வேகம் மாறினாலும் அளவு மாறும். அரிசிக் கடைக்காரரின் இரண்டு கைகளும் இங்கே ஒரே ஆளிடம், அவருக்கே தெரியாமல், இருக்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று உண்டு: ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டிவிடுவது. இதற்கு .38 ஸ்பெஷல் தோட்டாவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கருமருந்தை மனதில் வைத்து வடிவமைத்த தோட்டா அது. கருமருந்து இடம் அடைக்கும் சரக்கு, கூட்டை நிறைத்துவிடும். பின்னால் வந்த புகையில்லா மருந்துக்கு அதில் சிறு பங்கு போதும். கூட்டின் நீளம் மட்டும் மாறவேயில்லை. எனவே இன்றைய மருந்து அந்த ஆழமான கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கிறது. ஒருமுறை கொட்டியதா, இரண்டு முறை கொட்டியதா என்று மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அடர்த்தியான மருந்தாக இருந்தால் மூன்று பங்குகூட வழியாமல் உள்ளே அடங்கும். தொலைபேசி மணி அடிக்கிறது, குழந்தை கூப்பிடுகிறது, எந்தக் கூட்டில் விட்டோம் என்று கணக்குத் தப்புகிறது. அவ்வளவுதான் வேண்டும்.

அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான 'சாமி', .38 ஸ்பெஷலுக்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு. சரியாக நிரப்பிய தோட்டாவின் கணக்கே இது. இரட்டை மருந்து விழுந்த தோட்டா ரிவால்வரின் உருளையைப் பிளந்து மேல்சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

மருந்தே விழாத கூடும் ஆபத்தானதுதான். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளி நிறுத்திவிடும். சத்தம் 'டமார்' என்று வராமல் 'பட்' என்று வரும். கையில் உதைப்பும் இராது. போட்டி வேகத்தில் மறுபடி விசையை இழுத்துவிட்டால், பின்னால் வரும் குண்டு முன்னதில் போய் மோதும். குழல் உப்பும், அல்லது வெடிக்கும். சத்தம் வித்தியாசமாக வந்தால் குழலை இலக்குப் பக்கமே நீட்டிப் பிடித்தபடி அரை நிமிடம் பொறுக்க வேண்டும். தாமதமாகப் பற்றும் மருந்தும் உண்டு. பிறகு துப்பாக்கியைக் காலி செய்து குழலைச் சோதித்த பின்தான் அடுத்த பேச்சு.

பழகிய கைகளின் ஒழுங்கு எளிமையானது, அலுப்பூட்டக்கூடியது. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து. மீந்ததைக் குப்பியில் விட்டுவைக்காமல் அதன் சொந்த டப்பாவுக்கே திருப்புவது. மறுநாள் வந்து பார்த்தால் குப்பியில் இருப்பது எது என்று சத்தியம் செய்ய முடியாது. அட்டவணை எண்ணை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, முதலில் விழும் சிலவற்றைத் திருப்பிக் கொட்டிவிட்டு, பிறகு வருவதைத் தராசில் நிறுத்து, அச்சிட்ட கையேட்டோடு ஒப்பிடுவது. கையேடு சொல்லும் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிப்பது. மருந்து டப்பா புதிதாக உடைத்தால் மறுபடி நிறுப்பது. கூடுகளைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துவதற்கு முன் விளக்கடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது. இந்தக் கடைசி வேலைக்குக் காசே செலவில்லை. விபத்துகளைத் தடுப்பதில் இதற்கு மிஞ்சியது இல்லை என்றே சொல்லலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசில் அது வீடெங்கும் பரவும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021இல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்பவர்கள் வீட்டில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அமெரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்கும் தொழிலாகச் செய்தால் தோட்டா உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். விற்பனைக்கு 11 விழுக்காடு மத்திய வரியும் உண்டு. பல இடங்களில் பின்பற்றப்படும் தேசியத் தீயணைப்பு அமைப்பின் விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லா மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை, ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். இரும்புப் பெட்டகம் ஏன் இல்லை என்று கேட்கலாம். திறந்த வெளியில் இந்த மருந்து எரியத்தான் செய்யும். இறுக்கி அடைத்தால்தான் வெடிகுண்டாகும். மாநிலம், ஊர், வாடகை ஒப்பந்தம் மூன்றும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

நிவாரணம் என்று வரும்போது விவகாரம் சுருங்கிவிடுகிறது. பொம்மையோ மிக்ஸியோ பழுதானால் திரும்பப் பெறச் சொல்ல அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. தோட்டாவையும் மருந்தையும் கட்டுப்படுத்த அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1976இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. ஆகவே திரும்பப் பெறுவதெல்லாம் தயாரிப்பாளர் தாமாகச் செய்வதுதான். ஐஎம்ஆர் 4007 எஸ்எஸ்சி என்ற ரைஃபிள் மருந்தின் சில தொகுதிகள் வேகமாகக் கெட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்று அதை விற்ற நிறுவனம் அறிவித்தது அப்படித்தான். டப்பாவைத் தூக்கிப்போட்டவருக்குத் தொகுதி எண் தெரியாது. எண் தெரியாதவருக்கு அறிவிப்பால் பயனில்லை. துப்பாக்கித் தொழிலுக்குக் கவசமான 2005ஆம் ஆண்டுச் சட்டமும், தயாரிப்புக் குறையால் காயம்பட்டவர் வழக்குப் போடும் வழியை அடைக்கவில்லை. ஆனால் தவறு மருந்திலா, கருவியிலா, நிரப்பியவர் கையிலா என்று நிரூபிக்கத் தேதி, மருந்து, தொகுதி எண், உருளை எண், நிறுத்த எடை எல்லாம் எழுதிய குறிப்பேடு வேண்டும். மீந்த தோட்டாக்களைச் சுடாமல் பூட்டி வைக்க வேண்டும். துப்பாக்கி உற்பத்தியாளர்கள் பலரும் மறுபடி நிரப்பிய தோட்டாவால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது வேறு. எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். நாடுகடத்தலுக்கும் வழி திறக்கும். கிரீன் கார்டு கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. புளோரிடாவில் மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, விசா தகுதியை இழந்த ஓர் அமீரக மாணவர், சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். தன் தகுதி போய்விட்டது அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2019இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நண்பர் அழைத்தார் என்று ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்துக்குக் கிளம்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்பது மலிவு.

சொந்தமாகத் தோட்டா நிரப்புவதில் இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். விடுமுறைக்கு ஊர் வருபவரின் முதுகுப்பை ஓரத்தில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும் விமான நிலையத்தில் வழக்காகும். தெரிந்தே வைத்திருந்தால்தான் 'வைத்திருத்தல்' என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி உயர் நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் வேலையும் தொங்கலில் கிடக்கும். சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் எல்லா உறைகளையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு எடுங்கள்.