விரிசல் விழுந்த வீடு: வாங்குவதா, விடுவதா?

தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பத்துக்குச் சொந்த வீடு என்பது ஆடம்பரமல்ல. வேலை இருக்கும் வரைதான் லயத்து வீடு. ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்தாக வேண்டும். அதனால்தான் நம் மக்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு, பக்கத்துப் பட்டணத்துத் தாமானில் ஒரு சிறு வரிசை வீடாவது வாங்கிவிடத் துடிக்கிறார்கள். புது வீடு பெரும்பாலும் எட்டாது. கைமாறும் பழைய வீடுதான் நம் சக்திக்கு ஏற்றது.

இங்கேதான் விழிப்பு வேண்டும். வீடமைப்பு மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால், ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் கட்டடக் குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 'உள்ளது உள்ளபடி' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டு வீடு கைக்கு வந்த பிறகு கூரை ஒழுகினால் அது நம் கூரைதான்.

ஆகவே, வாங்குமுன் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து வீட்டைச் சோதிக்கும் வழக்கம் நம்மவரிடையேயும் வந்திருப்பது நல்லது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டாரே என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அவர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதைத்தான். உத்தரத்தைத் தட்டிக் கரையான் தேடுவது அவர் வேலையல்ல.

சோதனை செய்தாயிற்று; அறிக்கை மோசமாக வந்துவிட்டது. பிறகு என்ன செய்வது?

அண்மையில் ஒரு தம்பதியர் அப்படியோர் அறிக்கையோடு என்னிடம் வந்தனர். இருவரும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். கணவருக்கு 58 வயது. அறிக்கை மலாய் மொழியில் இருந்ததால் படித்துச் சொல்லச் சொன்னார்கள். வீட்டு விலை 180,000 வெள்ளி. கடன் மகன் பெயரில்; கைப்பணமெல்லாம் தகப்பனாரின் சேமநிதி. முன்பணமாக 2 விழுக்காடு, அதாவது 3,600 வெள்ளி கட்டியிருந்தார்கள்.

"ஏழு பக்கம் எழுதியிருக்காங்களே வாத்தியாரே, வீடே விழுந்திடுமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எந்தப் பழைய வீட்டைச் சோதித்தாலும் குறைகள் வரத்தான் செய்யும். எந்தக் குறைக்குச் செலவை இன்றே கணக்கிட முடியும், எதற்கு முடியாது என்று பிரிப்பதுதான் முக்கியம். அவர்கள் அறிக்கையில் கூரை மரத்தில் கரையான் இருந்தது. மின்கம்பிகள் பழையவை, மின்கசிவு ஏற்பட்டால் தானே நின்றுவிடும் கருவியும் இல்லை. குளியலறையில் நீர்க்கசிவு. இவை செலவு வைப்பவை, ஆனால் தீரக்கூடியவை. மரத்தை மாற்றலாம், கம்பியை மாற்றலாம். மின்சார வேலையை மட்டும் உரிமம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். தெரிந்த பையன் மலிவாகச் செய்து தருவான் என்று விட்டுவிடக் கூடாது.

நான்காவது குறைதான் என்னை யோசிக்க வைத்தது. பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையற்கட்டு, வீட்டைவிட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. சேருமிடத்தில் 8 மில்லிமீட்டர் விரிசல்.

கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களில் இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்க்கலாம். கடலோரத்து மண் இளகிய களிமண். சில இடங்களில் கரிமண். 1885-இல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்து நிற்பதற்கும் கீழேயுள்ள மண்ணின் மென்மைதான் காரணம். ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டிய வீடு நிலையாக நிற்கும். பின்னாளில் வீட்டுக்காரர் ஆழமில்லாத அடித்தளம் போட்டு ஒட்டவைத்த சமையற்கட்டு, மண்ணோடு சேர்ந்து மெல்லக் கீழே இறங்கும். ஒன்று நிற்க, மற்றது இறங்கினால், இணைப்பில் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

மயிரிழை போன்ற விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருவது. 5 மில்லிமீட்டரைத் தாண்டியதும், படிக்கட்டுப் போல் செங்கல் வரிசையில் ஏறுவதும் வேறு சங்கதி. அது பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்று அறிய, அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிச் சில மாதங்கள் கவனிக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கு அவ்வளவு அவகாசம் ஏது? நான் சொன்னதெல்லாம் இரண்டே காரியம். "அண்ணே, மறுபடி போங்க. பக்கத்து வீட்டில் விசாரிங்க. கையோடு ஒரு கோலிக்குண்டு கொண்டுபோய்த் தரையில் வைத்துப் பாருங்க."

பக்கத்து வீட்டம்மா ஒளிக்கவில்லை. மூன்று வருடத்தில் இரண்டு முறை அந்த விரிசலைப் பூசி மறைத்தார்களாம். கோலி சமையற்கட்டில் உருண்டது, அது எதிர்பார்த்ததே. கூடத்திலும் நிற்காமல் பின்பக்கமாகவே உருண்டது. தரையைச் சாய்வாகப் போட்டிருக்கவும் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சோதித்தவரையே மீண்டும் அழைத்து அளக்கச் சொன்னார்கள். கூடத்தின் பின்பாதியும் இறங்கியிருக்கிறது என்றார் அவர்.

வெள்ளத்தைப் பற்றியும் அக்கம்பக்கத்தில் கேட்கச் சொல்லியிருந்தேன். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதை மறக்க முடியுமா? வீட்டில் புதுச் சாயம் அடித்திருந்தாலும் வெளிச்சுவரிலும் மின்பெட்டி அருகிலும் தண்ணீர்க் கறை சில வேளை காட்டிக்கொடுக்கும். நல்லவேளை, அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதில்லை. நீட்டிக் கட்டியதற்கு நகராண்மைக் கழக அனுமதி இருக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் முகவர் பதில் சொல்லாமல் நழுவினார்.

பிறகு கணக்குப் போட்டோம். கூரை, மின்சாரம், குளியலறைக்கு 17,000 வெள்ளி. சமையற்கட்டை இடித்துத் தூண் இறக்கிக் கட்ட 24,000. ஆக 41,000. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தில் இது ஒருவரின் இரண்டு வருட உழைப்பு. விற்பவர் 10,000 குறைக்கச் சம்மதித்தார். கூடத்துக்கு என்ன செலவாகும் என்று எந்தக் குத்தகையாளராலும் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் விட மனமில்லை. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, கிரகப்பிரவேசத்துக்கு நாள்கூடப் பார்த்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 3,600 வெள்ளி. முன்பண ரசீதில் சோதனையைப் பற்றி எதுவும் எழுதாததால், வாங்காவிட்டால் பணம் திரும்பாது. போன பணத்தை வைத்து வரப்போகும் செலவை முடிவு செய்யக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். 3,600 போய்விடுமே என்று வாங்கினால், கூடத்தைக் கணக்கில் சேர்க்காமலே 31,000 கையைக் கடிக்கும். அந்த அம்மாள் கண் கலங்கினார். கணவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விட்டுடலாம் வாத்தியாரே" என்றார்.

இப்போது வேறொரு வீடு பார்த்திருக்கிறார்கள். 'கட்டடச் சோதனையில் திருப்தி இல்லையேல் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று ரசீதில் எழுதி, வீட்டுக்காரரும் கையெழுத்திட்டால்தான் பணம் என்று கணவர் சொல்லிவிட்டார். முகவர் இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு எழுதி வாங்கித் தந்தார். வரும் சனிக்கிழமை சோதனை.