பூனையும் பழிச்சொல்லும்: இங்கிலாந்துச் சூனிய வழக்குகளில் ஏவல் ஆவிகள்

மனிதனுக்குப் பணிந்து, அவன் ஏவியதைச் செய்து முடிக்கும் கண்காணா உயிரைப் பற்றிய நம்பிக்கை பல சமுதாயங்களில் இருந்துள்ளது. அறியாமைக் கால அரபகத்தில் குறிசொல்லிகளான காஹின்களுக்குத் ‘தாபிஉ’ என்னும் ஜின் துணை உண்டு என நம்பினர். கவிஞர்க்குக் கவி புனையத் தூண்டும் ஜின்களும் உண்டு என்றனர். தமிழகத்திலும் கேரளத்திலும் குட்டிச்சாத்தானைப் பற்றிய கதைகள் பல. ஆயின், இத்தகைய நம்பிக்கை நீதிமன்றத்தினுள் சான்றாக நுழைந்து, சட்டத்தின் வாசகத்திலும் இடம்பெற்று, உயிர்களைப் பறித்ததற்கு இங்கிலாந்தின் வரலாறு தெளிவானதோர் எடுத்துக்காட்டாகும். அதனைச் சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலேயர் இவ்வாவியை ‘ஃபெமிலியர்’ என்றழைத்தனர். இல்லத்துப் பணியாளைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் சூனியக்காரிகள் நள்ளிரவில் கூடி ஷைத்தானை வணங்கினர் என்பதே பெரிய குற்றச்சாட்டாக இருந்தது. இங்கிலாந்திலோ பூனை, நாய், தேரை, எலி போன்ற எளிய உயிர்களின் வடிவில் ஷைத்தான் அவளது குடிசையிலேயே தங்கியிருக்கிறான் என்றனர். அவள் அதற்குப் பாலும் ரொட்டியும் தருவாள். தன் இரத்தத்தில் ஒரு துளியையும் கொடுப்பாள். கைம்மாறாக அது அவள் பகைவரின் ஆட்டையோ மாட்டையோ குழந்தையையோ அழிக்கும் என்பது நம்பிக்கை.

1566ஆம் ஆண்டு எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துச் செம்ஸ்ஃபோர்டில் நடந்த வழக்கு இவ்வகையில் முதன்மையானது. ஹாட்ஃபீல்டு பெவரல் என்னும் சிற்றூரின் எலிசபெத் பிரான்சிஸ், தன் பாட்டியிடமிருந்து ‘சாத்தான்’ என்னும் பெயருடைய பூனையைப் பெற்றதாக ஒப்புக்கொண்டாள். அதைப் பல்லாண்டு வளர்த்தபின், ஒரு பணியாரத்திற்கு மாற்றாக ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் முதியவளிடம் கொடுத்தாளாம். ஆக்னஸைத் தூக்கிலிட்டனர். இறக்குமுன் அவளிடம் தொழுகையைப் பற்றி வினவினர். தான் இலத்தீன் மொழியிலேயே வேண்டுதல் செய்ததாகவும், ஆங்கிலத்தில் செய்ய அப்பூனை இசையவில்லை என்றும் அவள் கூறினாள். சமயச் சீர்திருத்தம் இலத்தீனை விலக்கி ஆங்கிலத்தை வழிபாட்டு மொழியாக்கியிருந்த காலம் அது. இளமையில் கற்ற பழைய வேண்டுதலை மறவாத ஒரு கிழவியின் பழக்கமும் ஷைத்தானின் கணக்கில் எழுதப்பட்டது போலும் எனக் கருத இடமுண்டு.

1604ஆம் ஆண்டுச் சட்டம், தீய ஆவியுடன் உடன்படிக்கை செய்வதையும் அதற்கு உணவிட்டுப் பேணுவதையும் மரணத்திற்குரிய குற்றமாக்கியது. எவருக்கும் தீங்கு விளைந்ததாக மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று. உள்நாட்டுப் போரின் குழப்பத்தில், 1645இல் மேத்யூ ஹாப்கின்ஸ் என்பவர் ‘சூனியக்காரரைக் கண்டுபிடிப்பவர்’ எனப் புறப்பட்டார். மேனிங்ட்ரீ ஊரில் ஒற்றைக்காலுடைய முதியவளான எலிசபெத் கிளார்க் அவரது முதல் இரை. அவளைச் சில இரவுகள் உறங்கவிடாது காவல் காத்தனர். ஏவல் ஆவி உணவு கொள்ள வருகிறதா எனப் பார்த்திருந்தனர். இறுதியில் அவள் ஆவிகளைப் பெயர் சொல்லி அழைத்தாள் என்றும், காவலிருந்தோர் அவற்றைக் கண்டனர் என்றும் பதிவாயிற்று. உறக்கமிழந்த மூதாட்டியின் பிதற்றல் வாக்குமூலமாகவும், இருட்டில் ஓடிய எலி சாட்சியாகவும் மாறிய விதம் இதுவே. ஹாப்கின்ஸின் இரண்டாண்டு முயற்சியில் ஏறத்தாழ நூறு பேர் தூக்கிலிடப்பட்டனர். ஜான் கால் என்னும் பாதிரியார் 1646இல் இதனைக் கண்டித்து நூல் எழுதினார். முகச் சுருக்கமும், பக்கத்தில் ஒரு நாயோ பூனையோ இருப்பதுமே முதியவளைச் சூனியக்காரியாக்கப் போதுமானவையாகிவிட்டன என்பது அவரது மனக்குறை.

குற்றஞ்சாட்டப்பட்டோர் யாவர்? பெரும்பாலும் ஏழைகள், கைம்பெண்கள், அண்டை வீட்டில் இரந்து நிற்போர். ரெஜினால்ட் ஸ்காட் 1584இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் ஆலன் மெக்ஃபார்லேனும் கீத் தாமஸும் வழக்குப் பதிவுகளை ஆராய்ந்து இதனை விரிவாக நிறுவினர். எலிசபெத் பிரான்சிஸின் பிற்கால வழக்கே இதற்குச் சான்று. 1579இல் அவள் அண்டை வீட்டுப் பெண்ணிடம் ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் பழைய ஈஸ்ட் சிறிது கேட்டாள், அவள் மறுத்தாள். மனம் நொந்து சபித்தபடி திரும்பியபோது, வெண்ணிற நாய் வடிவில் ஓர் ஆவி தோன்றியதென வாக்குமூலம் கூறுகிறது. அவ்வாண்டு அவளும் தூக்கிலேறினாள். இல்லை என்று சொல்லிக் கதவடைத்தவரின் மனம் உறுத்துகிறது. மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அவ்வுறுத்தல் பழிச்சொல்லாக உருவெடுக்கிறது. அற்பப் பொருளையும் கொடுக்க மறுப்போரை இடித்துரைக்கும் ‘அல்மாஊன்’ அத்தியாயம் ஈண்டு நம் நினைவுக்கு வருகிறது.

ஆவித் துணையெல்லாம் கற்பனைப் பழி மட்டுமன்று என்போரும் உளர். எம்மா வில்பி 2005இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டு வைத்தியமும் குறியும் சொல்லிய எளியோர் தமக்கு ஆவித் துணை உண்டென மெய்யாகவே நம்பினர் என வாதிடுகிறார். ஸ்காட்லாந்தின் பெஸ்ஸி டன்லப், 1547ஆம் ஆண்டுப் பிங்க்கி போரில் மாண்ட தாம் ரீட் என்பவரின் ஆவி தனக்கு மருந்து கற்பித்ததெனக் கூறினாள். பசு மாண்டு, கணவனும் குழந்தையும் நோயுற்றிருக்க, அழுதுகொண்டு நடந்த வழியில்தான் அவ்வாவியை முதலில் சந்தித்தாளாம். 1576இல் அவளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. துயருற்ற நெஞ்சின் ஆறுதலும் குற்றமாயிற்று.

இனி நமது மரபை நோக்குவோம். ஜின்களின் இருப்பையும் சிஹ்ரின் தீமையையும் நாம் மறுப்பதில்லை. திருமறை அவற்றைக் கூறுகிறது. ஒவ்வொரு மனிதருக்கும் ஜின்களில் ஒரு ‘கரீன்’ நியமிக்கப்பட்டுள்ளதாக ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி உண்டு. ஆயின் கரீன் ஏவலாளன் அல்லன். தீமைக்குத் தூண்டும் தோழன். அவனை வளர்ப்பவர் இன்னார், வளர்க்காதவர் இன்னார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் எல்லோருடனும் இருப்பவன். எனவே, அண்டை வீட்டாரை நோக்கி விரல் நீட்டுவதற்கு அந்நம்பிக்கை கருவியாவதில்லை. தன் நெஞ்சையே காத்துக்கொள்ளச் சொல்கிறது. அழைத்ததன்றி வேறு அதிகாரம் தனக்கு இருக்கவில்லை என ஷைத்தான் மறுமையில் கூறுவதைத் திருமறை (14:22) எடுத்துரைக்கிறது. பொறுப்பு மனிதனுடையதே.

சட்ட நோக்கிலும் நம் ஃபிக்ஹு நூல்கள் சிஹ்ரைக் கடுங்குற்றமாகவே கருதுகின்றன. எனினும், வழக்குரைப்பவரே சான்று கொணர வேண்டும் என்பது அடிப்படை விதி. சிஹ்ர் செய்பவனிடம் அவன் செய்வது யாது என விளக்கம் கேட்டபின்னரே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது இமாம் ஷாஃபிஈ அவர்களின் நிலைப்பாடு. வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலம், ‘இக்ராஹ்’ என்னும் இயலின்படி, தள்ளத்தக்கதென்பர். உறக்கத்தைப் பறித்துப் பெற்ற சொல் இவ்வளவைக்கு எதிரே நில்லாது.

இங்கிலாந்து தன் பிழையை உணர நெடுங்காலமாயிற்று. 1712இல் ஜேன் வென்ஹம் என்பவள் பூனை வடிவ ஷைத்தானுடன் உரையாடியதாகத் தண்டிக்கப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டாள். 1736இல் பழைய சட்டம் நீக்கப்பட்டது. எனினும், ‘எவரோ செய்துவிட்டார்’ என்ற சொல் நம் மஹல்லாக்களில் இன்றும் கேட்கிறது. வியாபாரம் சரிந்தால், மகளுக்கு வரன் அமையாவிட்டால், நாத்தனார் மீதோ வறிய அண்டை வீட்டார் மீதோ ஐயம் படர்கிறது. ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு திருமறை (49:12) பணிக்கிறது. ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் காவல் தேடுவோம். அக்காவலை நாடிய நாவினால் ஓர் ஏழையின் மீது பழி சுமத்தாதிருப்போமாக.