குமார், லால், தேவி... நடுப்பெயரையே முதற்பெயராகச் சூட்டலாமா?

புதுதில்லி: பெயரின் நடுவில் வழக்கமாக இடம்பெறும் ஒரு சொல்லையே குழந்தைக்கு முதற்பெயராக வைக்கலாமா? வட மாநிலங்களில் குமார், லால், சந்திரா, கிஷோர் போன்ற சொற்களை வைத்துப் பெற்றோர் இக்கேள்வியை எழுப்புவதுண்டு. சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், பெயரில் எத்தனை சொற்கள் இருக்க வேண்டும், எச்சொல் முன்னால் வர வேண்டும் என்று எதையும் வரையறுக்கவில்லை. எனினும், தேர்ந்தெடுக்கும் சொல் எத்தகையது, அது ஆவணங்களில் எந்தக் கட்டத்தில் பதிவாகிறது என்ற இரண்டையும் பொறுத்தே அந்தப் பெயர் பிற்காலத்தில் சிக்கலின்றி நிலைக்கும்.

நடுப்பெயர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல

நடுப்பெயர் என்று பொதுவாகச் சொன்னாலும், நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் அதன் பொருள் வேறு. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நடுவில் வருவது தந்தையின் பெயர். சச்சின் ரமேஷ் டெண்டுல்கர் என்பதில் உள்ள ரமேஷும், மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்பதில் உள்ள கரம்சந்தும் தந்தையரின் சொந்தப் பெயர்களே. திருமணமான பெண்களுக்கு அவ்விடத்தில் கணவர் பெயர் வருவது அங்குள்ள வழக்கம். மகாராஷ்டிரத்தில் 2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரும் தந்தையின் பெயருக்கு முன்னால் சேர்க்கப்படுகிறது. இங்கெல்லாம் நடுப்பெயர் என்பதே வேறொருவரின் முதற்பெயர் என்பதால், அது முதற்பெயர் ஆகுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்தி பேசும் மாநிலங்களிலும் வங்காளத்திலும் நிலைமை வேறு. அங்கு குமார், சந்திரா, நாத், பிரசாத், லால் ஆகியவை முதற்பெயரோடு ஒட்டிவரும் துணைச்சொற்கள். சுபாஷ் சந்திர போஸ், சத்யேந்திர நாத் போஸ் ஆகிய பெயர்களில் நடுச்சொல் தனி ஆளைக் குறிப்பதில்லை.

ஆனாலும் இந்தத் துணைச்சொற்கள் முன்னிடத்துக்கு வந்ததற்குச் சான்றுகள் ஏராளம். மோதிலால், ஜவாஹர்லால் என்று பின்னால் ஒட்டும் 'லால்', முன்னாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் பெயரிலும், முன்னாள் துணைப் பிரதமர் லால் கிருஷ்ண அத்வானியின் பெயரிலும் முதலில் நிற்கிறது. சாஸ்திரி, ஸ்ரீவாஸ்தவா என்ற குடும்பப்பெயரைக் கைவிட்டவர். காசி வித்யாபீடத்தில் பெற்ற பட்டமே அவரது பெயரின் கடைசிச் சொல்லாயிற்று. மற்றொரு முன்னாள் துணைப் பிரதமரான தேவி லாலின் பெயர் இன்னும் சுவையானது. பெண்களின் பெயருக்குப் பின்னால் வரும் ஒரு சொல்லும், ஆண்களின் பெயருக்கு நடுவில் வரும் ஒரு சொல்லும் சேர்ந்து அவருக்கு முழுப் பெயராகியுள்ளன. குடும்பப்பெயர் என எதுவும் அதில் இல்லை.

'குமார்' எத்திசையிலும் நகரக்கூடிய சொல். தொழிலதிபர் குமார் மங்கலம் பிர்லாவுக்கு அது முதற்பெயரின் பகுதி. கேதார்நாத் பட்டாச்சார்யாவாகப் பிறந்த பாடகர் குமார் சானு, திரையுலகுக்காக அச்சொல்லை முன்னால் வைத்துக்கொண்டார். ஆபாஸ் குமார் கங்கூலியோ குடும்பப்பெயரை விடுத்து, நடுவில் இருந்த குமாரைக் கடைசியில் நிறுத்திக் கிஷோர் குமார் ஆனார்.

எச்சொல் பொருந்தாது?

முன்னால் வைக்கத் தயங்க வேண்டிய சொற்களும் உண்டு. சீக்கியர்களின் சிங், கவுர் அத்தகையவை. ஹர்பிரீத், மன்பிரீத் போன்ற முதற்பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால், பின்னால் வரும் சிங், கவுர் ஆகியவையே பாலை உணர்த்துகின்றன. ஒரு சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் சொல் தனி ஒருவரை அடையாளம் காட்டாது. கனடா குடியேற்றத் துறை ஒரு காலத்தில் இவ்விரு சொற்களையும் குடும்பப்பெயராகக்கூட ஏற்காமல், வேறு பெயரைச் சேர்க்குமாறு விண்ணப்பதாரர்களிடம் கேட்டது. எதிர்ப்புக்குப் பின் 2007-இல் அந்நடைமுறை கைவிடப்பட்டது.

பெண்களின் பெயரில் வரும் 'குமாரி'யில் வேறொரு சிக்கல் உண்டு. பிகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் திருமணத்துக்கு முன் குமாரி என்றும், பின் தேவி என்றும் மாற்றி எழுதும் வழக்கம் உள்ளது. பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் வாக்காளர் அட்டையில் மற்றொன்றுமாகப் பதிவாகிவிட்டால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்பெண்ணின் தலையில் விழுகிறது. முதற்பெயராக வைத்தாலும், குமாரி என்பதைச் செல்வி என்னும் மரியாதை அடைமொழியாகக் கருதி எழுத்தர் விட்டுவிட வாய்ப்புண்டு.

கட்டங்கள் செய்யும் வேலை

இந்தியக் கடவுச்சீட்டில் நடுப்பெயருக்குத் தனிக் கட்டமே கிடையாது. குடும்பப்பெயர், இடுபெயர் என்று இரண்டே பிரிவுகள். முதற்பெயரும் நடுப்பெயரும் இடுபெயர்க் கட்டத்தில் ஒன்றாகவே அச்சாகும். பான் அட்டை விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. ஒரே சொல்லில் பெயர் கொண்டவர் அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும்.

குழந்தைக்குக் 'குமார் ஆதித்யா' என்று பெயரிட்டு, வீட்டில் ஆதித்யா என்று அழைப்பதாக வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் ஆதித்யா குடும்பப்பெயராகப் பதிவானால், வெளிநாட்டில் அவன் வெறும் குமார். இரு சொற்களும் இடுபெயர்க் கட்டத்துக்குச் சென்று குடும்பப்பெயர் காலியாக இருந்தால் சிக்கல் வேறு வகையில் வரும். அத்தகைய கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வழங்கும்போது முழுப் பெயரும் குடும்பப்பெயராகப் பதிவாகி, முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யு.' என்ற எழுத்துகள் முன்னால் சேரும். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைச் சொல் பெயருடைய கடவுச்சீட்டுகளுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் கட்டுப்பாடு விதித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் அல்லது குடும்பப்பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது. முதலெழுத்து மட்டும் போட்டுப் பழகிய தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல.

எப்போது முடிவு செய்வது?

2023 அக்டோபர் 1 அன்று அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழின் முக்கியத்துவம் கூடியுள்ளது. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார் என அனைத்துக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான சான்று அதுவே. எனவே அதில் பெயர் எவ்வாறு எழுதப்படுகிறதோ, அவ்வாறே பிற ஆவணங்களும் அமைவது நல்லது.

அவசரப்படத் தேவையில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்க விதிகளில் இடமுண்டு. அதற்குள், எண்ணியுள்ள பெயரைக் கடவுச்சீட்டின் இரண்டு கட்டங்களிலும் பான் அட்டையின் மூன்று கட்டங்களிலும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம்.

பெயர் ஏறிய பிறகு, பதிவில் பிழை இருந்தால்தான் பதிவாளர் திருத்துவார். மனம் மாறியது என்பது பிழையாகாது. வளர்ந்தபின் பெயரை மாற்ற விரும்புவோர் உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு ஆகிய படிகளைக் கடக்க வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்ற முடியும்.