குதிரைக்கு ஓர் ஆள் தேவை

நாளிதழ்களில் 'ஆள் தேவை' விளம்பரங்களை நாள்தோறும் காண்கிறோம். ஓட்டுநர் தேவை, சமையலாள் தேவை, கணக்கர் தேவை. 'குதிரையைப் பராமரிக்கவும் வாரத்தில் சில நாள் ஏறி ஓட்டவும் ஆள் தேவை' என்று ஒரு விளம்பரத்தைக் கண்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சென்ற ஆண்டு மலைநகரம் ஒன்றில் வாழும் என் நண்பர் ஒருவர் இப்படித்தான் எழுதித் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிவைத்தார். அவரிடம் ஒரு பெண் குதிரை இருக்கிறது. முழங்காலில் அறுவை நடந்தபின் அவரால் சேணத்தில் ஏற முடியவில்லை. குதிரையை லாயத்திலேயே கட்டிவைத்தால் அதன் உடல் கெடும். தகாதவர் கையில் கொடுத்தால் அதன் முதுகு கெடும். விற்கவோ அவருக்கு மனம் வரவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். "நீ பௌதிகம் நடத்துகிறவன்தானே, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வா" என்று பாதி வேடிக்கையாக என்னையும் அழைத்தார் நண்பர். குதிரை ஏறத் தெரியாத நான் அங்கே என்ன செய்துவிடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு நாளில், வகுப்பில் ஓர் ஆண்டு நடத்தும் பாடத்தில் பாதி லாயத்துக்குள்ளேயே இருப்பதைக் கண்டேன்.

எத்தனை கிலோ ஏற்றலாம்?

முதலில் வந்தவர் நல்ல அனுபவசாலி. முறுக்கிய மீசை, கம்பீரமான தோற்றம், எடை 88 கிலோகிராம். இவரைக் குதிரை தாங்குமா?

இதற்குக் குதிரையின் எடை தெரிய வேண்டும். லாரியை நிறுக்கும் எடைமேடைக்கு அதை ஓட்டிச் செல்ல வேண்டியதில்லை. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவால் அளந்துகொள்ளுங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் செ.மீ. அளவில் இருக்கட்டும். சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் ஏறக்குறையக் கிடைத்துவிடும். எங்கள் குதிரைக்குச் சுற்றளவு 175, நீளம் 158. கணக்குப் போட்டால் 407 கிலோகிராம் வருகிறது.

இந்த 11,880 எங்கிருந்து வந்தது? பல குதிரைகளை அளந்தும் நிறுத்தும் கண்ட எண் அது. ஆனால் குதிரையின் உடலை ஓர் உருளை என்று வைத்துக்கொண்டு பாருங்கள். உருளையின் கன அளவு, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 4π ஆல் வகுத்தது. உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே ஆகையால், கிலோகிராமில் விடை வர 12,566 ஆல் வகுக்க வேண்டும். இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன! தலை, கழுத்து, கால்கள் ஆகியவற்றின் எடை, உடல் முழுமையான உருளையாக இல்லாத குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது போலும். மாணவர்கள் இதைப் பக்கத்து வீட்டுப் பசுவிடம் சோதித்துப் பார்க்கலாம், பசு இசைந்தால்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். எட்டுக் குதிரைகளின்மீது அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு சுமையை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சுமை 25, 30 விழுக்காடானபோது நாடித்துடிப்பு தெளிவாகக் கூடியது. தசைகளில் நோவும் இறுக்கமும் தெரிந்தன. சேணத்தையும் சேர்த்து 20 விழுக்காட்டுக்குள் சுமை இருப்பது நல்லது என்ற பழைய வழக்கத்துக்கு இது துணையாயிற்று. 407இல் 20 விழுக்காடு 81 கிலோகிராம். சேணமும் மற்றவையும் 10 கிலோகிராம் போக, ஏறுபவருக்கு மிஞ்சுவது 71 மட்டுமே. மீசைக்காரரிடம் நண்பர் இதைச் சொல்லத் தயங்கினார். நான் நாடாவையும் தாளையும் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பெரிய குதிரை இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடை குறைந்தவர் எல்லாம் இலேசானவரா?

இரண்டாவதாக வந்த இளைஞர் 56 கிலோகிராம்தான். நண்பருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஏறி ஓட்டச் சொன்னதும் வேறொன்று தெரிந்தது.

குதிரை நடக்கும்போது ஏறியிருப்பவர் பெரிதாகக் குலுங்குவதில்லை. அடுத்த வேகத்தில், ஆங்கிலத்தில் 'டிராட்' என்று சொல்லப்படும் ஓட்டநடையில், மூலைக்கு மூலையாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து தரையை உதைக்கின்றன. ஒவ்வொரு முழு அடிக்கும் முதுகு இருமுறை எழுந்து தாழ்கிறது. நொடிக்குச் சுமார் 2.6 முறை முதுகு எழுந்து தாழ்வதாகவும், அதன் வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து எழும் உயரம், 4 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். இதைச் சீரிசை இயக்கமாகக் கொண்டால் பெரும முடுக்கம் என்ன? வீச்சை (2π × 2.6) என்பதன் வர்க்கத்தால் பெருக்குங்கள். நொடிக்கு நொடி சுமார் 10.7 மீட்டர் வருகிறது. புவியீர்ப்பு முடுக்கமோ 9.8தான்!

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதுகு மேலெழும்பத் தொடங்கும் கணத்தில், இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும் 56 கிலோ இளைஞர் குதிரைக்கு 110 கிலோவுக்கும் மேலாக அழுத்துகிறார். முதுகு உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அவர் சேணத்தைவிட்டு அந்தரத்தில் எழும்பி, பிறகு 'தொப்' என்று விழுகிறார். நொடிக்கு இரண்டு மூன்று முறை இப்படி நடக்கிறது. முதுகெலும்பின் மேல் இது சம்மட்டி அடிதான்.

தேர்ந்தவர் என்ன செய்கிறார்? அங்கவடியில் கால்களை ஊன்றி, கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்று மூட்டுகளையும் வில்சுருளாக்கிக்கொள்கிறார். கீழே குதிரை எழுந்து தாழ, மேலே அவருடைய உடல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மிதந்து செல்கிறது. எடையைக் குதிரை சுமக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எடையை ஒவ்வோர் அடிக்கும் முடுக்கவும் தடுக்கவும் வேண்டியதில்லை. பந்தயக் குதிரைகளில் இதன் பயன் கண்கூடு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஜாக்கிகளும் பின்னர் ஆங்கிலேய ஜாக்கிகளும் நிமிர்ந்து உட்காரும் பழக்கத்தை விட்டு, குட்டையான அங்கவடியில் குந்தி முன்னால் வளைந்து ஓட்டத் தொடங்கினார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தய நேரம் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தது. இதன் காரணத்தை அளவிட்டு விளக்கிய கட்டுரை 2009இல்தான் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

எனவே 56 என்ற எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. ஆனாலும் ஓட்டும் முறையைக் கற்றுக்கொடுத்துவிடலாம். எங்களுக்கு அந்த இளைஞரிடம் பிடிக்காமற்போனது வேறு ஒன்று. ஓட்டி முடித்தபின் இறங்காமல், குதிரைமேல் இருந்தபடியே கால் மணி நேரம் எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். சேணத்தோடு 66 கிலோகிராம் என்றால் விசை சுமார் 650 நியூட்டன். சேணம் முதுகைத் தொடும் பரப்பு 1,300 சதுர செ.மீ. என்று கொண்டால் அழுத்தம் 5,000 பாஸ்கல், அதாவது 37 மி.மீ. பாதரசம். தோலின் நுண்குழாய்களில் இரத்தம் நுழையும் அழுத்தம் ஏறத்தாழ 35 மி.மீ.தான். சேணம் சரியாகப் பொருந்தாமல் ஓரிரு இடங்களில் மட்டும் அழுத்தினால் நிலைமை இன்னும் மோசம். ஓடும்போது அழுத்தம் கூடிக் குறைந்து இரத்தத்துக்கு வழிவிடுகிறது. நின்ற இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. வேலையில்லாதபோது இறங்கி நிற்பவரையே நான் நல்ல குதிரைக்காரர் என்பேன்.

கொள்ளும் தண்ணீரும்

ஏறுவது நாளில் ஒரு மணி நேரம். மீதி இருபத்துமூன்று மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்வது?

மூன்றாவதாக வந்தவர் ஒரு கல்லூரி மாணவி. தந்தை சுற்றுலாப் பயணிகளுக்குக் குதிரை விடுபவர். நண்பர் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டார்: "மழையால் இரண்டு நாள் குதிரைக்கு வேலையே இல்லை. எவ்வளவு கொள்ளு வைப்பாய்?" முந்தைய இருவரும் "வழக்கம்போலத்தான்" என்று சொல்லியிருந்தார்கள். இவள், "கொள்ளைக் குறைத்துவிட்டுப் புல்லைத்தான் போடுவேன், ஐயா. இல்லாவிட்டால் மறுபடி ஓட்டும்போது தசை இறுகி நின்றுவிடும்" என்றாள்.

சரியான விடை. வண்டிக் குதிரைகள் மிகுந்திருந்த நாளில், ஞாயிறன்று ஓய்வோடு முழுத் தீனியும் தின்ற குதிரை மறுநாள் வேலைக்குப் போகையில் தொடைத் தசைகள் கட்டையாகிப் படுத்துவிடுவதைக் கண்டு, இதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயரிட்டிருந்தார்கள். குதிரையின் வயிறு அதன் உடலை நோக்கச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். போதாததற்கு, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் வயிற்றில் சேருமிடத்திலுள்ள தசை அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்கிறது. ஆகவே ஒரே வேளையில் நிறையக் கொட்டுவதும் தீனியைத் திடீரென மாற்றுவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். குதிரைகளின் சாவுக்கு வயிற்றுவலி ஒரு முக்கிய காரணம் என்றால் நம்புவீர்களா? குதிரை அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்ப்பது, தரையைக் காலால் பறிப்பது, படுத்துப் புரள்வது ஆகிய அறிகுறிகளைக் கண்டவுடன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வெப்பத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும். குதிரை நம்மைப்போல் ஏழு மடங்கு எடையுள்ளது. அதன் தோலின் பரப்போ ஏறக்குறைய மூன்று மடங்கே. தசைகள் செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது, எஞ்சியது வெப்பம். அதை வெளியேற்ற வியர்வைதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை முற்றும் ஆவியானால் சுமார் 24 இலட்சம் ஜூல் வெப்பம் போகிறது. 407 கிலோகிராம் உடலை 1.7 பாகை குளிர்விக்க இது போதும். ஆனால் சென்னையைப் போலக் காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. சொட்டிய வியர்வையால் பயனில்லை. ஓடிக் களைத்த குதிரைமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பலர் இன்றும் அஞ்சுகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளையொட்டி நடந்த ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. ஊற்றலாம், உடல் சூடு தணியும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

குதிரை யாரைத் தேர்ந்தெடுக்கிறது?

இனி அளவுநாடாவுக்கு அகப்படாத ஒன்று. நூறாண்டுகளுக்கு முன் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டுக் குளம்பால் தட்டி விடை சொல்லிப் புகழ்பெற்றது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் அதைச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவர் தம்மை அறியாமல் தலையை இம்மியளவு நிமிர்த்துவதைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது. 1907இல் அவர் இதை வெளியிட்டார். கணக்கு வராவிட்டால் என்ன, அந்தக் கூர்மை கணக்கைவிடப் பெரிதல்லவா?

சுவீடனில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இதைவிட நமக்கு நெருங்கியது. குதிரையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பலமுறை நடத்திச் செல்ல வேண்டும். நான்காம் முறை போகுமுன், "இப்போது வழியில் ஒரு குடை விரியும்" என்று ஆளிடம் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் ஆளின் நாடித்துடிப்பும் கூடியது, குதிரையின் நாடித்துடிப்பும் கூடியது. ஆளின் அச்சம் குதிரைக்குத் தொற்றிவிட்டது.

இதற்காகவே, வருபவரை உடனே ஏறச் சொல்லாமல் லாயத்துக்குள் அனுப்பிப் பார்க்க வேண்டும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர்முன்னும்தான் மறைவிடங்கள். இளைஞர் வால் பக்கமாக நுழைந்தார். குதிரை காதுகளைப் பின்னுக்கு மடித்தது. மாணவி குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக வந்து, கழுத்தில் கை வைத்து, சற்று நேரம் சும்மா நின்றாள். பிறகு தாடை எலும்பின் உட்புறத்தில் விரலை வைத்து நாடி பார்த்தாள். நிமிடத்துக்கு 36. ஓய்வில் 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு.

அவளுடைய எடை 58 கிலோகிராம். ஆனால் தலைக்கவசம் கொண்டுவரவில்லை. நண்பர் ஏறவிடவில்லை. குதிரைமேல் இருப்பவரின் தலை தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர். கவசமின்றி அந்த வேகம் அரை செ.மீ. தொலைவுக்குள் நின்றால் தடுப்பு முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு. கவசத்தின் உட்பஞ்சு இரண்டரை செ.மீ. நசுங்கிக் கொடுத்தால் 100 மடங்கு. மறுநாள் கவசத்தோடும், அங்கவடிக்குள் பாதம் நழுவிச் சிக்கிக்கொள்ளாதபடி குதிகால் உயர்ந்த காலணியோடும் வந்து ஓட்டினாள். முதலில் சற்றுக் குலுங்கினாள். பத்து நிமிடத்தில் குதிரையோடு இசைந்துவிட்டாள்.

ஒரு மாதம் வெள்ளோட்டம் என்று பேசி, ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். காலைத் தீனியும் தேய்ப்பும் அவள் பொறுப்பு. வாரம் மூன்று நாள் ஓட்டலாம். மருத்துவர் செலவும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றும் கூலியும் நண்பருடையவை. வேறு யாரையும் ஏற்றக் கூடாது. கட்டாயம் எழுத வேண்டுமா என்று அவள் தந்தை சற்று மனம் வருந்தினார். பின்னர் அவரே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: தேர்வு நாட்களில் குதிரையை யார் பார்ப்பது என்று. அது எங்கள் மூவருக்கும் தோன்றவே இல்லை. அந்த நாட்களில் தாமே வந்து பார்த்துக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார்.